முதல் டிஸ்க் லேசாக இருக்கட்டும்

"ஏங்க, நான் எறியிறது மட்டும் ஏன் எப்பவும் இடது பக்கமே போய் விழுது?"

ஹட்சன் மில்ஸ் பூங்காவில் ஒரு சனிக்கிழமை காலை என் மனைவி இப்படிக் கேட்டாள். அதற்குள் நான்கு முறை எறிந்திருந்தாள், நான்கும் ஒரே புதருக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. "கையை இன்னும் கொஞ்சம் வேகமா வீசு" என்றேன். வீசினாள். ஐந்தாவதும் அதே புதர். முட்செடியில் கை கீறிக்கொண்டு டிஸ்க்கை எடுத்து வந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்க விளையாடுங்க, நான் சும்மா கூட நடந்து வரேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. தப்பு அவள் கையில் இல்லை. நான் கையில் கொடுத்த தட்டில் இருந்தது, அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் எறியும் தட்டு. குழிக்குப் பதிலாகக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் போட வேண்டும். கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார், சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடிப்புதான். நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். இங்கே திரும்பின பக்கமெல்லாம் இதற்கு மைதானம் உண்டு. பெரும்பாலான ஊர்ப் பூங்காக்களில் காசே கிடையாது, ஹட்சன் மில்ஸ் மாதிரி பெரிய பூங்காவில் வண்டிக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். ஹியூரான் ஆற்றங்கரையில், மரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மணி நேரம் நடை. என் மனைவிக்கு வேண்டியதும் அந்த நடைதான். போட்டி, ஸ்கோர் இதிலெல்லாம் அவளுக்கு ஆர்வம் இல்லை. இந்தப் பதிவு முழுக்க அப்படிப்பட்ட ஒருவருக்கு டிஸ்க் வாங்குவது பற்றித்தான். சாம்பியன் ஆக நினைப்பவருக்கு இல்லை, நம்மோடு வந்து நான்கு எறி எறிந்து, அதில் ஒன்றாவது அழகாகப் பறப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய ஒருவருக்கு.

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். நான் நான்கு வருஷமாக விளையாடுகிறேன், பையில் பதினைந்து தட்டுகளுக்கு மேல் இருக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்ததை, "இதுதான் ரொம்ப தூரம் போகும்" என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன். இன்னோவா என்ற கம்பெனியின் டெஸ்ட்ராயர், 175 கிராம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலருடைய பையில் இருக்கும் அருமையான டிஸ்க் அது. ஆனால் புதிதாக எறியும் ஒருவர் கையில் அது பறக்கவே பறக்காது.

காரணம் அதன் மேல் அச்சடித்திருக்கும் நான்கு எண்களிலேயே இருக்கிறது. பல கம்பெனி டிஸ்க்குகளில் இந்த நான்கு எண்களைப் பார்க்கலாம்: ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. ஸ்பீடு என்றதும் தட்டு தானாக அவ்வளவு வேகமாகப் போகும் என்று நினைத்துவிடுவோம். விஷயம் தலைகீழ். அந்தத் தட்டு ஒழுங்காகப் பறக்க, எறிபவர் கையிலிருந்து எவ்வளவு வேகம் வர வேண்டும் என்பதுதான் அந்த எண். கிளைடு என்பது எவ்வளவு நேரம் காற்றில் மிதக்கும் என்பது. டர்ன் என்பது வேகம் இருக்கும்போது வலது பக்கம் சாயும் குணம். எண் -3, -4 என்று கீழே போகப் போகச் சாய்வு கூடும். ஃபேடு என்பது வேகம் குறைந்து முடியும் நேரத்தில் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போவது. இதெல்லாம் வலது கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசி, எறியும்போது. இடது கைக்காரருக்கு அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். ஆக, ஸ்பீடு 12 உள்ள தட்டை மெதுவாக எறிந்தால் என்ன ஆகும்? வலது பக்கம் சாய்கிற கட்டத்துக்கே அது போய்ச் சேராது, கையை விட்டதுமே ஃபேடு மட்டும் வேலை செய்யும். நேரே இடது பக்கம், கீழே, புதர். என் மனைவி ஐந்து முறையும் ஒரே மாதிரி எறிந்திருக்கிறாள், தட்டும் ஐந்து முறையும் தன் குணப்படிதான் போயிருக்கிறது. "வேகமா வீசு" என்று நான் சொன்னது அவள் தோளுக்கு வலி கொடுத்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரையில் எறிந்து பிடிக்கிற சாதா ஃப்ரிஸ்பீயை அவள் கல்லூரி நாளிலேயே நன்றாக எறிவாள். அதன் விளிம்பு உருண்டையாக, தடிமனாக இருக்கும். மெதுவாக விட்டாலும் மிதந்து போகும். கோல்ஃப் டிஸ்க்கின் விளிம்பு அப்படி இல்லை. 1983-ல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சாய்வாகச் சீவிய மாதிரி ஒரு தட்டை உருவாக்கினார். காற்றை வெட்டிக்கொண்டு போகும் இன்றைய டிரைவர்கள், அதாவது தூரம் எறிவதற்கான தட்டுகள், எல்லாம் அதன் வழி வந்தவைதான். விளிம்பு எவ்வளவு கூராக, அகலமாக இருக்கிறதோ அவ்வளவு வேகத்தைக் கையிலிருந்து கேட்கும். ஃப்ரிஸ்பீ பழகிய கைக்கு டெஸ்ட்ராயர் ஒரு அந்நியப் பொருள். அவளுக்குத் தெரிந்த தட்டுக்குப் பக்கத்துச் சொந்தம் எது என்று பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வழி எனக்குத் தெரிந்தது அடுத்த வாரம். பின்னால் வந்த ஒரு பெரியவரை முன்னே போகச் சொல்லி நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவர் போகாமல், என் மனைவி எறிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு பழைய தட்டை எடுத்து நீட்டினார். மஞ்சள் நிறம், மரத்தில் மோதி மோதி விளிம்பெல்லாம் பூனை கடித்த மாதிரி. இன்னோவாவின் லெப்பர்டு, ஸ்பீடு 6. அவள் அதை வாங்கி, எந்த யோசனையும் இல்லாமல் மெதுவாகத்தான் விட்டாள். தட்டு நேரே போனது. கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் லேசாகச் சாய்ந்து, அப்படியே மிதந்து, கடைசியில் திரும்பி வந்து நடுப்பாதையில் புல்மேல் இறங்கியது. ஐம்பது மீட்டர்கூட இருக்காது. ஆனால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் பையிலிருந்து மிச்சம் மீதியை இவளுக்குத் தரக்கூடாது, இவளுக்கென்றே வாங்க வேண்டும்.

எத்தனை வாங்குவது என்றால், மூன்று போதும். ஒரு புட்டர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், அதைவிடக் கொஞ்சம் தூரத்துக்கு ஒரு ஃபேர்வே டிரைவர். மூன்றாவதைக்கூட ஒரு மாதம் கழித்து வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். புட்டர் என்பது கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுவதற்கான தட்டு என்றாலும், புதியவர் அதையே முதல் எறியிலிருந்து கடைசி வரை பயன்படுத்தலாம். சின்ன மைதானமாக இருந்தால் அது ஒன்றே போதும். வேகம் கேட்காது, நேராகப் போகும், கை சரியாக விட்டதா இல்லையா என்பதை ஒளிக்காமல் காட்டும். பெரிய டிரைவர் கையின் தப்பைப் பெரிதாக்கிக் காட்டும், எது தப்பு என்று மட்டும் சொல்லாது.

கடைக்குப் போனோம். டிஸ்க்கை இணையத்தில் வாங்குவது சுலபம்தான், ஆனால் முதல் முறை, எறியப் போகிறவரை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் கை என்று ஒன்று இருக்கிறது. என் மனைவியின் கை சின்னது, விரல்கள் குட்டை. டெஸ்ட்ராயரின் விளிம்பு அகலம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். அவள் அதைப் பிடித்தபோது விரல் நுனிகள் உள்விளிம்புக்கு எட்டவே இல்லை என்பதைக் கடையில்தான் கவனித்தேன், இரண்டு வாரம் கண்ணெதிரே எறிந்தும் பார்க்கவில்லை. பிடி இல்லாமல் எப்படிச் சுழற்சி வரும், சுழற்சி இல்லாமல் எப்படிப் பறக்கும்? ஒவ்வொரு தட்டாக எடுத்து அவள் கையில் கொடுத்தேன். விளிம்புக்குள் நான்கு விரலையும் மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்து, அழுத்திப் பார்த்து, "இது வேண்டாம்", "இது உறுத்துது", "இது நல்லா இருக்கு" என்று அவளே பிரித்து வைத்தாள். எண்களையோ பெயரையோ பார்க்கவில்லை. கடைசியில் "நல்லா இருக்கு" பக்கம் இருந்ததில் ஒன்றுகூட ஸ்பீடு 7-க்கு மேல் இல்லை! கைக்கே தெரிந்திருக்கிறது.

அப்புறம் எடை. இது நிறைய பேர் கவனிக்காத விஷயம். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 175, 168, 150 என்று சின்னதாக எழுதியிருக்கும், அதுதான் கிராம் கணக்கு. விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரைதான் எடை போகலாம். டிரைவர்கள் சுமார் 21.2 சென்டிமீட்டர் என்பதால் உச்சம் கிட்டத்தட்ட 176 கிராம். கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி அந்த உச்சத்தை ஒட்டித்தான் இருக்கும், ஏனென்றால் அனுபவசாலிகள் கேட்பது அதைத்தான். புதியவருக்கு 150-லிருந்து 160 கிராம் வரை தேடி எடுங்கள். இருபது கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரு ஆட்டத்தில் ஐம்பது அறுபது தடவை எறிகிறோம், அதுவும் தோளுக்குத் தெரியும். லேசான தட்டுக்குக் குறைந்த பலத்திலேயே வேகம் கொடுத்துவிடலாம், சாய்ந்து மிதக்கிற குணமும் கூடும். காற்றடிக்கும் நாளில் கொஞ்சம் அலைக்கழிக்கும்தான். ஆனால் ஓய்வாக விளையாட வருகிறவர் சூறைக்காற்றில் ஏன் வரப்போகிறார்.

நாங்கள் எடுத்தவற்றைச் சொல்கிறேன். புட்டருக்கு டிஸ்கிராஃப்ட்டின் மேக்னட், 2, 3, -1, 1. டிஸ்கிராஃப்ட் 1978-ல் தொடங்கிய கம்பெனி, எங்களுக்குப் பக்கத்து ஊர் விக்சமில்தான் இருக்கிறது, அதனால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு, மறைக்கவில்லை. மிட்ரேஞ்சுக்கு அவர்களுடைய பஸ் (Buzzz) என்ற தட்டை வாங்கலாம் என்றுதான் போனேன். 5, 4, -1, 1, நேராகப் போவதில் அதை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் அவள் கை ஸ்டிங்ரேவைப் பிடித்துக்கொண்டது. இன்னோவா, 4, 5, -3, 1. டர்ன் -3 என்பதால் மெதுவாக எறிந்தாலும் இடது பக்கம் ஓடாமல் நேராகப் போகிறது. அவளுக்கு அதுதான் சரி என்று இப்போது எனக்கும் தெரிகிறது. மூன்றாவது, வேறென்ன, லெப்பர்டு: 6, 5, -2, 1. லாட்டிட்யூட் 64-இன் டைமண்டும் பார்த்தோம், 8, 6, -3, 1. ஸ்வீடனில் ஷெல்லெஃப்டியோ என்ற ஊர்க் கம்பெனி, அந்த ஊர் இருக்கும் அட்சரேகைதான் அவர்கள் பெயர். லேசான எடையில், வேகம் குறைந்த கைகளுக்கென்றே செய்த டிரைவர் அது. அடுத்த வருஷம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் வேண்டும் என்று தோன்றினால் அதைத்தான் வாங்குவேன். இப்போதே வாங்கி வைக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் வகை பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரே அச்சில் விலை குறைந்த பிளாஸ்டிக்கும் வரும், விலை கூடியதும் வரும். இன்னோவாவில் டிஎக்ஸ் என்பது குறைந்தது, ஸ்டார், சாம்பியன் எல்லாம் மேலே. சாதாரண தட்டு பத்து டாலர் பக்கம், உயர்ந்தது இருபதை ஒட்டி. விலை கூடியது நீடித்து உழைக்கும், உண்மை. ஆனால் புதியவருக்கு டிஎக்ஸ் போதும் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அதுதான் நல்லது என்பேன். கையில் நன்றாகப் பிடிபடும். மரத்தில் மோதித் தேயத் தேய இன்னும் சாதுவாகிவிடும், அதாவது இடது பக்கம் இழுக்கிற குணம் குறைந்துகொண்டே போகும். அந்தப் பெரியவரின் மஞ்சள் தட்டு அவ்வளவு அழகாகப் பறந்ததற்கு அதன் அடிபட்ட விளிம்பும் ஒரு காரணம். அதனால் பழைய டிஸ்க் விற்கிற பெட்டி இருந்தால் அதையும் கிளறிப் பாருங்கள். விரிசல் இல்லாமல் இருந்தால் போதும்.

மூன்று தட்டு போட்ட ஆரம்பநிலைப் பெட்டிகளும் கிடைக்கின்றன. தப்பே இல்லை, இன்னோவாவின் பெட்டியில் லெப்பர்டும் இருக்கும். பெட்டியாக வாங்கும்போது எடையையும் நிறத்தையும் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அது ஒன்றுதான் எனக்குக் குறை.

நிறம் என்றதும் அலங்கார விஷயம் என்று நினைக்காதீர்கள். புதியவருடைய நேரத்தில் பாதி, விழுந்த தட்டைத் தேடுவதில்தான் போகிறது. பச்சை வாங்கினால் கோடையில் புல்லில் காணாமல் போகும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் மிச்சிகன் அக்டோபரில், இலைகள் உதிர்ந்து தரையெல்லாம் அதே நிறமாகக் கிடக்கும்போது, காலடியில் இருந்தாலும் தெரியாது. வெள்ளைக்குப் பனி எதிரி. பளீர் இளஞ்சிவப்பும் வெளிர் நீலமும் எல்லாப் பருவத்திலும் கண்ணில் படும். என் மனைவி மூன்றுக்கும் இளஞ்சிவப்புதான் வேண்டும் என்றாள். "மூணும் ஒரே கலர்னா எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தொட்டா தெரியும்" என்றாள். அடியில் பெயரும் தொலைபேசி எண்ணும் மார்க்கர் பேனாவால் எழுதச் சொன்னேன். தொலைந்த தட்டை யாராவது எடுத்தால் கூப்பிட்டுச் சொல்வது இந்த விளையாட்டில் நல்ல பழக்கம், எனக்கே மூன்று முறை அப்படித் திரும்பக் கிடைத்திருக்கிறது. அவள் பெயரைத் தமிழில் எழுதினாள். எண்ணை மட்டும் பெரிதாக.

பை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். மூன்று தட்டுக்குப் பை எதற்கு? வீட்டில் கிடந்த காய்கறித் துணிப்பையே போதும். மிச்சமான காசில் ஒரு சின்னத் துண்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்குங்கள். காலைப் பனியில் தட்டு நனைந்தால் பிடி வழுக்கும், துண்டு ரொம்ப முக்கியம்.

கையில் சரியான தட்டு வந்த பிறகு நான் சொல்லித்தருவதை நிறுத்திக்கொண்டேன். கேட்டால் மட்டும் பதில். ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: தட்டின் முன்விளிம்பு வானத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொள். முன்விளிம்பு தூக்கியிருந்தால் எந்த டிஸ்க்காக இருந்தாலும் மேலே ஏறி, நின்று, இடது பக்கம் சரிந்துவிடும். மிச்சத்தை அவளே பார்த்துக்கொண்டாள். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் அவள் என்னைவிட நிதானம். சங்கிலியில் தட்டு பட்டுக் கலகலவென்று சத்தம் கேட்டு அப்படியே கூடையில் விழும்போது ஒவ்வொரு முறையும் ஒரு நொடி அசையாமல் நின்று கேட்கிறாள், முதல் தடவை மாதிரியே.

போன வாரம் ஆற்றை ஒட்டிப் போகும் பாதையில் அவளுடைய லெப்பர்டு ஒரு கிளையில் பட்டுத் திரும்பி, கரையில் உருண்டு, ஹியூரானுக்குள் போய்விட்டது. டிஎக்ஸ் மிதக்காது. "விடு, வேற வாங்கிக்கலாம், பத்து டாலர்தான்" என்றேன். அவள் பதில் சொல்லாமல் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆழம் இல்லை, முழங்கால் அளவுதான். கூழாங்கற்களுக்கு நடுவே இளஞ்சிவப்பு வட்டம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் ஷூவைக் கழற்றக் குனிவதற்குள் அவள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். "ஐயோ ஜில்லுன்னு இருக்கு" என்று கத்திக்கொண்டே எடுத்து வந்து, துண்டால் அழுத்தித் துடைத்து, விரல்களை விளிம்புக்குள் மடக்கி ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள்.

"அதே இடத்துலேர்ந்து இன்னொரு தடவை எறியலாமா?"